ரெண்டு கழகமும் என்னோட ஒரு மாத்திரையும்

மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைல முடிவெடுக்கிற எடத்துல இருக்கிற எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான் கோயமுத்தூர்ல மோட்டார் காயில் கட்டுறவன். எரிஞ்சுபோன பம்புசெட் மோட்டாரைப் பிரிச்சு, கருகின கம்பியை உருவிப் போட்டுட்டு, புதுக் கம்பி சுத்தி ஸ்லாட்ல எறக்கி, வார்னிஷ் ஊத்திக் காயவச்சுக் குடுக்கிற வேலை. 22 வருஷமா இதுதான் சோறு போடுது. அதுல ஒரு 14 வருஷம் குடிச்சுக்கிட்டே பாத்த வேலை, இப்ப ரெண்டு வருஷம் நாலு மாசமா குடிக்காமப் பாக்கிற வேலை. இந்த ரெண்டு வருஷம் நாலு மாசத்துக்கு சாமியும் என் சம்சாரமும் காரணம்னு ஒறம்பரைல சொல்லிக்கிறாங்க, சந்தோஷம், ஆனா அந்த ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி 14 வருஷமும் கூடத்தானே இருந்தாங்க. புதுசா வந்தது ஒரு மாத்திரை. பேரு நால்ட்ரெக்ஸோன், 50 மில்லிகிராம். அதைப் பத்தித்தான் இந்த மடல்.

கை நடுக்கம்னா என்னன்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல. காயில் கட்டுறவனுக்கு கைதான் எல்லாம். தலைமுடி மாதிரி இருக்கிற கம்பியை, மேல இருக்கிற எனாமல் ஒரு கீறல் கூட விழாம ஸ்லாட்டுக்குள்ள தள்ளணும், கீறல் விழுந்தா ஷார்ட் ஆகி மறுபடி எரிஞ்சு வரும். எனக்குக் காலைல ஏழு மணிக்கு ஒரு கட்டிங் உள்ள போனாத்தான் கை நிக்கும். டாஸ்மாக் தொறக்கிறது பன்னெண்டு மணிக்கு, அதனால முந்தின நாள் ராத்திரியே கால் பாட்டிலை மிச்சம் பண்ணி, பட்டறைல காப்பர் கம்பி ரீலுக்குப் பின்னாடி வச்சிருவேன். ஜாலிக்குக் குடிச்சது எப்பவோ முடிஞ்சு போச்சுங்க. அது மருந்து மாதிரி ஆயிருச்சு, கை ஆடாம இருக்கிறதுக்கு.

2018 கார்த்திகைல மாலை போட்டேன். எங்க பக்கம் குடிக்கிறவன் வருஷத்துக்கு ஒருதடவ குடியை நிறுத்தற வழி அதுதான, 48 நாள் சுத்தபத்தமா இருந்துட்டு மலை எறங்கி வர்ற வழிலயே தொறக்கிறவங்களும் உண்டு. சிலபேர் கோயில்ல கயிறு கட்டிக்குவாங்க. நானும் முன்னாடி ரெண்டு வருஷம் மாலை போட்டு சமாளிச்சிருக்கேன், அப்ப உடம்பு அவ்வளவு கெட்டுப்போகல. அந்த வருஷம் மாலை போட்ட மறுநாள் சாயங்காலம் பஜனைல உக்காந்திருந்தேன், சரணம் சொல்லிக்கிட்டிருக்கும்போதே கண்ணு மேல சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்து, கீழ விழுந்துட்டேன். சுத்தி நின்னவங்க சாமி வந்துருச்சுன்னு நெனச்சுக் கற்பூரம் காட்டினாங்களாம். என் சம்சாரம் மட்டும்தான் வாயில ரத்தம் வர்றதைப் பாத்துட்டுக் கத்திருக்கா.

அது ஃபிட்ஸ். தினமும் குடிக்கிறவன் திடீர்னு நிறுத்தினா ஆறு மணி நேரத்துல இருந்து ரெண்டு நாளைக்குள்ள வரலாம்னு அப்புறமா டாக்டர் சொன்னாங்க. மூளையை அமுக்கிப் பிடிச்சிட்டு இருக்கிறது சாராயம், வருஷக்கணக்கா அமுக்கினதால மூளையும் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கிட்டே இருக்கும், அமுக்கின கையைப் பட்டுன்னு எடுத்தா என்ன ஆகும். லோடோட ஓடிட்டு இருக்கிற மோட்டார்ல திடீர்னு பெல்ட் அந்து போனா எப்படி எகிறுமோ அப்படி.

மூணாவது நாள் இன்னும் மோசமுங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல, சம்சாரம் சொல்லித்தான் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்துக்கிட்டு காத்துல காயில் கட்டிட்டு இருந்தேனாம். இடது கைல ஸ்டேட்டரைப் பிடிச்ச மாதிரி வச்சுக்கிட்டு, வலது கையால இல்லாத கம்பியை இழுத்து இழுத்து, எண்ணிக்கை வேற, நாப்பத்தி ரெண்டு நாப்பத்தி மூணுன்னு. நடுவுல யாரோ டிஸ்டர்ப் பண்ணினா எண்ணிக்கை தப்பிப்போச்சுன்னு திட்டிட்டு மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிப்பேனாம். ஒரு ராத்திரி பூரா. டாக்டருங்க டெலிரியம்னு சொல்றாங்க, ரெண்டுல இருந்து நாலு நாளைக்குள்ள வரும், கவனிக்கலன்னா ஆளையே எடுத்துரும். லாரசெபாம் ஊசி போட்டு, தயமின் ஊசி போட்டுக் காப்பாத்தினாங்க, அந்த டியூட்டி டாக்டருக்கு நான் சாகிற வரைக்கும் கடமைப்பட்டவன்.

இந்த தயமின் விஷயத்தைக் கொஞ்சம் நின்னு சொல்லணும். வைட்டமின் பி1, வெல கம்மியான மருந்து. குடிகாரனுக்கு சாப்பாடு எறங்காது, எறங்கினாலும் குடல் அந்த வைட்டமினை இழுக்காது, அதனால உடம்புல சுத்தமா வறண்டு கெடக்கும். அந்த நேரத்துல தயமின் குடுக்காம வெறும் குளுக்கோஸ் பாட்டிலை ஏத்தினா இருக்கிற துளியும் செலவாகி மூளை அடிவாங்கலாம், கண்ணு ஆடும், நடை தள்ளாடும், ஆள் குழம்பிப் போவான், அதுல பலபேர் ஞாபக சக்தியையே தொலைச்சிட்டு உக்காந்துருவாங்க. வெர்னிக்கேன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 1881லயே எழுதி வச்ச நோய். ஆனா நம்மூர்ல குடிச்சு விழுந்து கெடக்கிறவனைக் கொண்டுபோனா மொதல்ல கேக்கிறதே “ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்”தான, சொந்தக்காரங்க கேக்கிறாங்க, சின்னக் கிளினிக்குகள்ல ஏத்திடறாங்க. தயமின் முன்னாடி போகணும்னு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவுத்துலயும் ஒரு தாள் ஒட்டினாலே போதும்.

சரி, பொழைச்சு வந்தேன். டிஸ்சார்ஜ் பண்ணும்போது “இனிமே குடிக்காதப்பா”ன்னு சொல்லி அனுப்பினாங்க. அவ்வளவுதான். குடிக்காம இருக்கிறதுக்குன்னு ஒரு மாத்திரை இருக்குன்னு அன்னைக்கு யாரும் சொல்லல. பத்தொம்பது நாள் தாங்கினேன்.

அப்புறம் ஒறம்பரைல எல்லாரும் பேசி ஒரு மறுவாழ்வு மையத்துல கொண்டுபோய் விட்டாங்க, பேரும் ஊரும் வேண்டாம். ராத்திரி பதினோரு மணிக்கு நாலு பேர் வேன்ல வந்து அள்ளிட்டுப் போனாங்க. மூணு மாசம். மொட்டை அடிச்சாங்க, விடியக்காலைல எழுப்பிப் பச்சைத்தண்ணி ஊத்தினாங்க, கேள்வி கேட்டா அடி. டாக்டர்னு ஒருத்தர் வந்து நான் பாக்கல. பக்கத்துல படுத்திருந்த பையனுக்கு ரெண்டாவது நாள் ஃபிட்ஸ் வந்தப்ப வாயில சாவிக்கொத்தைத் திணிச்சாங்க. அங்க இருந்த ஒரு பெரியவர் தினமும் ஒண்ணு சொல்வார், “மாத்திரையும் ஒரு போதைதான், மனசு வச்சா போதும்”னு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ல வந்துச்சு, குடியால வர்ற மனநலப் பிரச்சினையும் அதுக்குள்ளதான் வருது, இந்த மாதிரி எடமெல்லாம் மாநில மனநல ஆணையத்துல பதிஞ்சிருக்கணும். வீட்டுக்குப் போன அன்னைக்கு சாயங்காலமே நான் குடிச்சேன். பழைய அளவுக்கே குடிச்சேன்.

எல்லா எடமும் அப்படின்னு நான் சொல்லமாட்டேன். சென்னைல சாந்தி ரங்கநாதன் அம்மா 1980ல ஆரம்பிச்ச டி.டி.கே. ஆஸ்பத்திரி மாதிரி டாக்டரும் கவுன்சிலரும் சேந்து பாக்கிற எடமும் நம்ம மாநிலத்துலதான் இருக்கு. அங்க போக எல்லாராலயும் ஆகாதே.

அடுத்தது என் வீட்டுக்காரியோட வைத்தியம். பஸ் ஸ்டாண்டுச் செவுத்துல பாத்திருப்பீங்க, “குடிப்பவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்”னு ஒரு போஸ்டர், கீழ ஒரு செல் நம்பர். அவ அந்தப் பொடி வாங்கல, ஆனா அதே யோசனைல யாரோ சொன்னாங்கன்னு மெடிக்கல்ல சீட்டு இல்லாம டைசல்ஃபிராம் மாத்திரை வாங்கி நுணுக்கி ரசத்துல கலந்துட்டா. எனக்குத் தெரியாது. நான் வழக்கம்போல சாயங்காலம் ஒரு குவார்ட்டர் போட்டேன். கால் மணி நேரத்துல மூஞ்சி செம்பருத்தி மாதிரி செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, மூச்சு வாங்கி, வாந்தி, பிரஷர் எறங்கி ரோட்டுலயே உக்காந்துட்டேன். ஆட்டோல போட்டுக் கொண்டுபோறப்ப அவதான் அழுதுக்கிட்டே உண்மையச் சொன்னா, “நாந்தான் மாமா கலந்தேன், நாந்தான் கலந்தேன்”னு.

அந்த மாத்திரை மேல எனக்குக் கோபம் இல்ல. 1940கள்ல டென்மார்க்ல வயித்துப் பூச்சி மருந்தா சோதிச்சுப் பாக்கும்போது, தின்னு பாத்த ஆராய்ச்சிக்காரங்களுக்கே குடிச்சதும் ஒடம்புக்கு முடியாமப் போய், அப்படிக் கண்டுபிடிச்ச மருந்து அது. சாராயம் உடம்புல பாதி உடைஞ்சு ஒரு விஷமா நிக்கும், அதை மேல உடைக்க விடாமத் தடுக்கும், அவ்வளவுதான் வேலை. குடிக்கிறவன் சம்மதிச்சு, டாக்டர் பாத்து, வீட்டுல ஒருத்தர் கையால தினமும் குடுத்தா நல்லா கேக்கும்னு சொல்றாங்க. நிறுத்தினப்புறமும் ரெண்டு வாரம் வரைக்கும் அதோட வேலை இருக்கும். தெரியாமக் கலந்து குடுத்தா ஆள் செத்தே போலாம். இந்த வித்தியாசத்தை என் சம்சாரத்துக்குச் சொல்ல ஒரு எடம் இருந்திருந்தா அவ ரசத்துல கலந்திருக்க மாட்டா.

அந்த அட்மிஷன்லதான் ஒரு மனநல டாக்டரம்மா வந்தாங்க, சின்ன வயசு. திட்டல. “எத்தனை மணிக்கு மொத கட்டிங் போடுவீங்க அண்ணா”ன்னு கேட்டாங்க. 14 வருஷத்துல மொத மொறையா ஒருத்தர் எங்கிட்ட அதைக் கேட்டாங்க. ஈரல் டெஸ்ட் எடுத்தாங்க, வலிக்கு மார்ஃபின் வகை மருந்து எதாச்சும் சாப்பிடறீங்களான்னு ரெண்டு தடவ கேட்டாங்க, அப்புறம் நால்ட்ரெக்ஸோன் எழுதினாங்க.

அது என்ன பண்ணுதுன்னு எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். குடிச்சா மூளைல சொந்தமா ஒரு சுகச்சுரப்பு வரும், எண்டார்ஃபின். அது போய் உக்கார்ற எடத்துல இந்த மாத்திரை முன்னாடியே போய் உக்காந்துக்கும். மாத்திரை ஆரம்பிச்ச ஒம்பதாவது நாள் சோதிச்சுப் பாக்கணும்னு நானும் ஒரு கட்டிங் போட்டேன், மறைக்கல. நாக்குல கசப்பு அதேதான், தொண்டை எரிச்சல் அதேதான், தலை கூட லேசா சுத்துச்சு. ஆனா அந்த “ஆ...”ன்னு ஒண்ணு வரும் பாருங்க, அது வரவே இல்ல. ஏர் புடிச்ச மோட்டார் தெரியுமா, சுவிட்சு போட்டா சத்தம் வரும், கரண்ட் இழுக்கும், பைப்புல தண்ணி மட்டும் ஏறாது. அப்படி இருந்துச்சு. மிச்சத்தை என்ன பண்றதுன்னு தெரியாம ரெண்டு நிமிஷம் கிளாஸைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

இது மந்திரம் இல்லைன்னு அந்த டாக்டரம்மாவே சொன்னாங்க. ஆராய்ச்சிக் கணக்கு எல்லாத்தையும் சேத்துப் பாத்து 2023ல வந்த ஒரு அமெரிக்க மருத்துவக் கட்டுரைல, இந்த மாத்திரையை சுமார் 11 பேருக்குக் குடுத்தா ஒருத்தர் கூடுதலா மொடாக்குடிக்குத் திரும்பாமத் தப்பிக்கிறார்னு இருக்காம். கேக்க கம்மியாத் தெரியும், மத்த நோய்ங்க பலதுக்குக் குடுக்கிற மாத்திரைங்க கணக்கும் இந்த மாதிரிதானாம். எனக்குக் கேட்டது எல்லாருக்கும் கேக்காது. ஈரல் ரொம்பக் கெட்டிருந்தா இது ஆகாது, அப்ப கிட்னி வழியாப் போற அகாம்ப்ரோசேட்னு ஒண்ணு இருக்கு, வேளைக்கு ரெண்டு வீதம் நாளைக்கு ஆறு மாத்திரை, அதுக்கு கிட்னி நல்லா இருக்கணும். ஈரல் சுருங்கினவங்களுக்கு பேக்லோஃபென் குடுத்துப் பாக்கிறாங்க. நால்ட்ரெக்ஸோன் குடிக்கு ஒத்துக்கப்பட்டது அமெரிக்காவுல 1994லங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. உலக சுகாதார நிறுவனம் 2023ல அகாம்ப்ரோசேட்டையும் நால்ட்ரெக்ஸோனையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே சேத்துருச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எனக்கு மாத்திரை ஒரு அரசு ஆஸ்பத்திரில கெடச்சுக்கிட்டு இருந்துச்சு, எந்த ஆஸ்பத்திரின்னு எழுதப்போறதில்ல, அங்க இருக்கிறவங்க எனக்கு நல்லதுதான் பண்ணினாங்க. ஒரு வருஷம் தாண்டினப்புறம் ஒருநாள் கவுன்டர்ல “ஸ்டாக் இல்லீங்க, அடுத்த வாரம் வாங்க”ன்னாங்க. அடுத்த வாரமும் இல்ல. வெளிய மெடிக்கல்ல கேட்டா நாலு கடை ஏறி எறங்கினதுல ஒரு கடைல இருந்துச்சு, நான் வாங்கினப்ப ஒரு மாத்திரை ஒரு குவார்ட்டர்ல பாதி வெலைக்குப் பக்கமா வந்துச்சு. ஒரு பட்டை வாங்கினேன், பத்து நாள். அப்புறம் ஆடி மாசம், வேலை இல்ல, வாங்கல. பெரியப்பா செத்துப்போனார், எழவு வீட்டுல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். பதினோரு நாள் தொடர்ந்து குடிச்சேன். அதுக்கப்புறம் எண்ணினதுதான் இந்த ரெண்டு வருஷம் நாலு மாசம்.

தப்பு என்னோடதும்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்த ஆஸ்பத்திரில இருந்து கூப்பிடு தூரத்துல ஒரு டாஸ்மாக். 14 வருஷத்துல ஒருநாள் கூட அங்க “சரக்கு இல்லீங்க, அடுத்த வாரம் வாங்க”ன்னு நான் கேட்டதில்ல. கேட்ட பிராண்டு இருக்காது, அது வேற. வெறுங்கையோட திரும்பினதில்ல.

நம்ம அரசாங்கத்துக்கு ரெண்டு கழகம் இருக்குங்க. கழகம்னதும் கட்சின்னு நெனச்சுராதீங்க. ஒண்ணு தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதான் டாஸ்மாக், 1983ல ஆரம்பிச்சது, 2003 கடைசில இருந்து சில்லறைக் கடையும் அதுதான் நடத்துது. 2025 கணக்குப்படி சுமார் 4,800 கடை. 2024-25ல வருமானம் 48,344 கோடி ரூபா. இன்னொண்ணு தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், 1994ல ஆரம்பிச்சது, மொத்தமா டெண்டர் விட்டு மாத்திரை வாங்கி மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு வச்சு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புறது. அதைப் பாத்துத்தான் கேரளாவும் ராஜஸ்தானும் இதே மாதிரி ஆரம்பிச்சாங்க. எங்கம்மாவோட பிரஷர் மாத்திரை பட்டைல தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்லன்னு போட்டிருக்கிறதைப் பாக்கும்போது எனக்கு ஒரு பெருமை வரும், நெசமாச் சொல்றேன். மொத கழகம் என்னை உண்டாக்கினதுன்னு நான் பழி போடல. ஆனா மொத கழகத்துக்கிட்ட வாங்கின வியாதிக்கு ரெண்டாவது கழகம் மாத்திரையைத் தவறாமக் குடுக்கணும்னு கேக்கிறதுல என்ன தப்பு.

எங்க ஊர்ப்பக்கம் காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா பத்து ரூபா திருப்பித் தர்றாங்க, பாட்டிலுக்குப் பாட்டில் ஸ்டிக்கர் ஒட்டி எந்தக் கடைல வித்ததுன்னு கண்டுபிடிக்கிறாங்க. காலி பாட்டிலுக்கே அவ்வளவு கணக்கு.

2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சீங்க. அருமையான திட்டம். எங்க வீட்டுக்கு ஒரு அக்கா பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வருவாங்க, திண்ணைல உக்காந்து எங்கம்மாவுக்கு பிரஷர் பாத்து, சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எண்ணிக் குடுப்பாங்க. அதே திண்ணைல ரெண்டு முழம் தள்ளி நான் மப்புல படுத்திருப்பேன். என்னைத் தாண்டித்தான் அவங்க செருப்பைப் போட்டுக்கிட்டு எறங்குவாங்க. அந்தக்காவை நான் குத்தம் சொல்லமாட்டேன், அவங்க பைல என் மாத்திரை இல்ல. ஒருநாள் மட்டும் போகும்போது “இதுக்கும் ஒரு மாத்திரை இருந்தா நல்லா இருக்கும்ல”ன்னு எங்கம்மாகிட்டச் சொல்லிருக்காங்க. இருக்குன்னு அவங்களுக்கே தெரியல.

2019ல சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் எடுத்த கணக்குல, இந்தியாவுல குடிக்கு அடிமையானவங்க 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதாச்சும் ஒரு சிகிச்சை கெடைக்குதுன்னு இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க பட்டறைக்கு எதுத்தாப்ல இருக்கிற கடைக்கு வாங்க, தெனமும் வந்தே தீரவேண்டியவங்களா எனக்குத் தெரிஞ்ச 37 பேரைக் காட்டறேன். அந்த ஒருத்தன் நான். மிச்சம் 37 பேரும் என்னைவிட மனசு கெட்டவங்க கெடையாதுங்க.

2025ல கலங்கரைன்னு 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையம் தொறந்தீங்க, பேரும் நல்லா இருக்கு, வேலையும் நல்லா இருக்கு. ஆனா 25 எடத்துக்கு எத்தனை பேர் பஸ் ஏறி வருவாங்க. தெனக்கூலிக்காரன் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்கு சம்பளம் போச்சு. ஆரம்ப சுகாதார நிலையம் 2,000க்கு மேல வச்சிருக்கீங்களே, அங்க வரட்டும் அந்த மாத்திரை.

இன்னொரு கூட்டம் இருக்கு, அதைச் சொல்லலன்னா மனசு ஆறாது. வலி மாத்திரை போடுற பசங்க. டேபென்டடால் மாதிரி மாத்திரையைத் தண்ணில கரைச்சு ஊசில ஏத்திக்கிறாங்க, இருபது வயசு கூட ஆகல. எங்க பட்டறைல கூட வேலை பாத்தவரோட பையன் ஒருத்தன் அப்படி ஆயிட்டான். ரெண்டு நாள் மாத்திரை கெடைக்கலன்னா கொட்டாவி, மூக்குல தண்ணி, புல்லரிச்சுப் போய் எலும்புக்குள்ள வலி, பேதி. குடி மாதிரி அதுல உசுரு போறது ரொம்பக் கம்மி, ஆனா போயிட்டாத் தேவலன்னு இருக்கும். அவங்கம்மா ஒருநாள் ராத்திரி என் வீட்டுக்கு வந்து, “தம்பி, நீ எதோ மாத்திரை போட்டுத்தான் தெளிஞ்சியாமே, அதுல ரெண்டு குடுப்பா என் பையனுக்கு”ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நானும் டப்பாவை எடுத்துட்டேன். எடுத்துட்டு என்னமோ தோணி டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணேன். “அண்ணா, குடுத்துடாதீங்க, அது உள்ள இருக்கும்போது இதைக் குடுத்தா ஒரே அடியா எல்லாத்தையும் தள்ளிவிட்டுரும், பையன் துடிச்சுருவான்”னாங்க. அந்தப் பையனுக்குக் குறைஞ்சது ஒரு வாரம் பத்து நாள் சுத்தமா இருந்தப்புறம்தான் என் மாத்திரையை யோசிக்கவே முடியுமாம். எனக்கு இன்னைக்கும் அதை நெனச்சா வயிறு கலங்குது. கை நிறைய அன்போட ஒரு பையனை ஆஸ்பத்திரில படுக்க வச்சிருப்பேன்.

அவனுக்கு வேண்டியது பியூப்ரெனார்ஃபின், நாக்குக்கு அடில வச்சுக் கரையவிடற மாத்திரை. அதுவும் அந்த வலி மாத்திரை வகை மருந்துதான், ஆனா பாதி சுவிட்சு மாதிரி, ஒரு அளவுக்கு மேல ஏறாது, பழகின உடம்புக்குப் பெருசா மப்பு குடுக்காது, வலியும் ஏக்கமும் இல்லாம ஆளை நிமுத்தி வைக்கும், வேலைக்குப் போகலாம். நம்ம நாட்டுல இது புதுசு கெடையாது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-08ல இருந்து ஊசி போடுறவங்களுக்கு எச்.ஐ.வி. பரவாம இருக்கணும்னு இதைக் குடுத்துக்கிட்டு இருக்கு, மணிப்பூர், மிசோரம் பக்கமெல்லாம் பேர் வாங்கின திட்டம். பஞ்சாப்ல 2017 அக்டோபர்ல இதுக்குன்னே அரசு கிளினிக் தொறந்தாங்க. பிரான்ஸ்ல 1995 வாக்குல சாதாரண டாக்டருங்களே எழுதலாம்னு விட்டாங்க, நாலு வருஷத்துல ஓவர்டோஸ் சாவு முக்கால் பாகத்துக்கு மேல கொறைஞ்சு போச்சு. அந்தப் பையனை போலீஸ் பிடிச்சு, ஒரு மாசம் உள்ள வச்சு, “தெளிஞ்சுட்டான்”னு வெளிய விட்டாங்க. அதுதான் இருக்கிறதுலயே ஆபத்தான நேரம், உடம்பு பழைய பழக்கத்தை மறந்திருக்கும், அவன் பழைய அளவையே ஏத்துவான். அவன் தப்பிச்சான், இப்ப வேற ஊர்ல வச்சு வைத்தியம் பாக்கிறாங்க. தெனமும் கவுன்டர்ல போய் நர்ஸ் முன்னாடி நாக்கைத் தூக்கிக் காட்டணும்னா வேலைக்கு எப்படிப் போறது, நல்லா தேறினவனுக்கு ஒரு வாரத்து மாத்திரையைக் கைல குடுத்தா என்னங்க.

“ஒரு போதைக்கு இன்னொரு போதையா”ன்னு கேக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்ல. எங்கம்மா இருபது வருஷமா பிரஷர் மாத்திரை போடறாங்க, அவங்களை யாரும் மாத்திரைக்கு அடிமைன்னு சொல்லல. நால்ட்ரெக்ஸோன் மப்பு தராது, நிறுத்தினா கை நடுங்காது. நான் ஏ.ஏ. கூட்டத்துக்கும் (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நெனைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் கைகுடுக்கிற அமைப்பு) போறவன், அங்க கெடைக்கிற தைரியம் மாத்திரைல வராது, ஆனா அங்கயும் ஒண்ணு ரெண்டு பேர் மாத்திரை போட்டா அது சுத்தமான தெளிவு இல்லம்பாங்க. அவங்களுக்கு நான் ஒரு கதை சொல்றதுண்டு. 1960கள்ல நியூயார்க்ல ஹெராயின் அடிமைகளுக்கு மெத்தடோன்ங்கிற மாத்து மருந்தைக் குடுத்துக் காட்டின வின்சென்ட் டோல்ங்கிற டாக்டர் ஏ.ஏ. அமைப்போட டிரஸ்டியாவும் இருந்தவர். ஏ.ஏ.வை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான பில் வில்சனே அவர்கிட்ட, குடிகாரங்களுக்கும் இந்த மாதிரி ஒரு மருந்து கண்டுபிடிக்க முடியாதான்னு கேட்டதா டோல் எழுதி வச்சிருக்கார்.

மதுவிலக்கு வேணும்னு சொல்றவங்ககிட்டயும் ஒண்ணு. நான் எதிரி கெடையாது, கடை கொறைஞ்சா மொதல்ல சந்தோஷப்படறவ என் சம்சாரம்தான். ஆனா 2020 மார்ச் கடைசில லாக்டவுன்னு எல்லாக் கடையையும் ஒரே நாள்ல மூடினப்ப என்ன ஆச்சுன்னு மறந்துராதீங்க. ஷேவிங் லோஷன் குடிச்சு செத்தாங்க, வார்னிஷ் குடிச்சு செத்தாங்க. நாங்க பட்டறைல வார்னிஷ் டின்னைப் பூட்டி வச்சோம், எங்களுக்கே எங்க மேல நம்பிக்கை இல்லாம. அந்த ஒண்ணரை மாசத்தை நான் எப்படித் தாண்டினேன்னு இங்க எழுதினா வேற கேஸ் வரும். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் சாராயம் குடிச்சு 65 பேருக்கு மேல போய்ச் சேந்தாங்க. குடும்பத்துக்கு 10 லட்சம் குடுத்தீங்க, காய்ச்சறவனுக்கு ஆயுள் தண்டனை வரைக்கும் சட்டம் கொண்டு வந்தீங்க. சரிதான். அந்தத் தெருவுல காலைல கை நடுங்கி எழுந்திரிச்சு கெடைச்சதைக் குடிக்கப் போனவனுக்கு முந்தின மாசம் ஒரு மாத்திரை கெடைச்சிருந்தா அவன் வரிசைல நின்னிருப்பானான்னு யாராச்சும் ஒருத்தர் கேட்டிருக்கணும். கடை இருந்தாலும் மூடினாலும் இந்த மாத்திரை வேணும், மூடினா ரொம்பவே வேணும்.

கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்லீங்க. பிரஷர் மாத்திரை தீராமப் பாத்துக்கிற மாதிரி நால்ட்ரெக்ஸோனும் அகாம்ப்ரோசேட்டும் தயமினும் தீராமப் பாத்துக்கோங்க, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருங்களுக்கு குடி நிறுத்தும்போது வர்ற ஃபிட்ஸையும் டெலிரியத்தையும் பாக்கிறதுக்குப் பயிற்சி குடுங்க, குறிப்பா கார்த்திகைக்கு முன்னாடி, மாலை போட வர்றவங்ககிட்ட குருசாமிங்களே “தெனமும் குடிப்பியா, மொதல்ல டாக்டரைப் பாத்துட்டு வா”ன்னு சொல்ற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணுங்க, டாக்டரே இல்லாத மையங்களைப் போய்ப் பாருங்க, சொல்லாமப் போங்க, அந்த போஸ்டரைக் கிழிங்க. பாட்டில்ல எச்சரிக்கை அச்சடிக்கிறீங்க, அதுக்குக் கீழ மனநல உதவிக்குன்னு இருக்கிற டெலிமானஸ் போன் நம்பர் 14416ஐயும் போடுங்க, குடிக்கிறவன் தெனமும் படிக்கிற ஒரே எடம் அதுதான். திண்ணைக்கு வர்ற அந்தக்காவோட பைல எங்களுக்கும் ஒரு பட்டை வைங்க.

என் பர்ஸ்ல ஒரு சீட்டு இருக்கு, டாக்டரம்மா எழுதிக் குடுத்தது, “இவர் நால்ட்ரெக்ஸோன் எடுக்கிறார், விபத்து நடந்தால் மார்ஃபின் வகை வலி மருந்து வேலை செய்யாது”ன்னு. லேமினேட் பண்ணி வச்சிருக்கேன். மாத்திரை டப்பா பட்டறைல காப்பர் ரீலுக்குப் பின்னாடி இருக்கு, முன்னாடி கால் பாட்டில் இருந்த அதே எடம்தான். இப்ப எண்ணிப் பாத்தேன், ஆறு மிச்சம். வர்ற செவ்வாக்கிழமை தீருது. காலைல எட்டு மணிக்கு சீட்டோட கவுன்டர்ல நிப்பேனுங்க.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டுறவன்,
கோயமுத்தூர்